செக்கர் பிளேட்டில் காந்தம் ஒட்டியது: வண்டியைத் தர மறுக்கும் கராஜ்

கேள்வி: வத்தளையில் இருக்கிறேன். என்னிடம் 1992ஆம் ஆண்டு ஹைலக்ஸ் டபுள் கெப் ஒன்று உண்டு. அப்பா ஓட்டியது, இப்போது என் பெயரில் இருக்கிறது. பின்தொட்டியின் தளத்துக்கும் உட்பக்கச் சுவர்களுக்கும் 3 மில்லிமீற்றர் அலுமினிய செக்கர் பிளேட் (வழுக்காமலிருக்க மேடு மேடாக அச்சிட்ட தகடு) அடித்துத் தரச் சொல்லி ஒரு கராஜில் விட்டேன். பேசிய தொகை 240,000 ரூபாய், முற்பணமாக 150,000 கொடுத்தேன். வண்டியை எடுக்கப் போன அன்று சந்தேகத்தில் ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்தேன். சுவர்த் தகடுகளில் ஒட்டவில்லை, தளத்துத் தகட்டில் 'டக்'கென்று ஒட்டிக்கொண்டது. இரும்புத் தகட்டுக்கு வெள்ளி நிறம் அடித்திருக்கிறார்கள். ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தால், துளை போட்ட இடங்களில் பூச்சே இல்லை, தண்ணீர் வடியும் ஓட்டைகளும் மூடிக் கிடக்கின்றன. மிச்சம் 90,000 தந்தால்தான் சாவி என்கிறார் கராஜ்காரர். பில் இல்லை, வாட்ஸ்அப்பில் பேசியது மட்டும் இருக்கிறது. என்ன செய்யலாம்? இந்த வேலையை ஆர்.எம்.வி.யில் (மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில்) பதிய வேண்டுமா?

பதில்: முதல் வேலையாக, அந்தத் தளத்துத் தகட்டை யாரும் கழற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கராஜ்காரர் இறங்கிவந்து, "சரி, கழற்றிவிட்டு அலுமினியமே போட்டுத் தருகிறேன்" என்றாலும் உடனே தலையாட்டிவிட வேண்டாம். உங்கள் சாட்சியம் முழுவதும் தகட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. காந்தம் ஒட்டுவதையும், தூக்கிய மூலையையும், மூடிய ஓட்டைகளையும் அங்கேயே நின்று வீடியோ எடுங்கள். அந்தக் கராஜோடு தொடர்பில்லாத ஒரு டிங்கரிங் பாஸையோ வாகன மதிப்பீட்டாளரையோ கூட்டிப்போய்க் காட்டி, பார்த்ததை எழுத்தில் தரச் சொல்லுங்கள். தகடு கழன்று, பூச்சும் அடித்து முடிந்துவிட்டால் பிறகு உங்கள் வாய்ச்சொல்லும் அவருடைய வாய்ச்சொல்லும்தான் மிஞ்சும்.

வாட்ஸ்அப் மட்டும்தானே என்று மனம் தளராதீர்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்துக்குப் பிறகு, இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு ஒப்பந்தத்தைத் தள்ளிவிட முடியாது. 'அலுமினியம், 3 மில்லிமீற்றர்' என்று வந்த ஒரு வரி போதும். ஸ்கிரீன்ஷொட்டோடு நின்றுவிடாமல், அந்தப் போனை அப்படியே வைத்திருங்கள். உரையாடலை அழிக்கவோ போனை விற்கவோ வேண்டாம்.

வண்டியைப் பிடித்து வைக்கலாமா என்பது பலரையும் தடுமாற வைக்கும் இடம். நம் நாட்டில் இன்னும் நடைமுறையில் உள்ள உரோமன் டச்சுச் சட்டத்தின்படி, ஒரு பொருளில் வேலை செய்தவர் தனக்கு உரிய கூலி கிடைக்கும்வரை அதைத் தன் கையில் வைத்திருக்க உரிமை உண்டு. ஆகவே "வண்டியைத் திருடிவிட்டார்" என்று பொலிஸில் எழுதிக்கொடுத்தால் அது நிற்காது. இரவோடு இரவாக இரண்டாவது சாவியைக் கொண்டுபோய் எடுத்துவருவதும் ஆபத்து. பிறகு நீங்கள்தான் பொலிஸில் பதில் சொல்ல நேரிடும். ஆனால் அந்த உரிமை, நியாயமாகச் சேர வேண்டிய பணத்துக்கு மட்டுமே. பேசியபடி வேலையை முடிக்காதவர் பேசிய கூலி முழுவதையும் கேட்க முடியாது. 90,000இல் அவருக்குச் சேர வேண்டியது எவ்வளவு என்பதே உங்கள் தகராறு.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, அந்தத் தொகைக்கு ஈடு கட்டி வண்டியை விடுவிக்கும்படி நீதிமன்றத்தில் கேட்பது. மற்றது, 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன், என் உரிமைகளை விட்டுக்கொடுக்கவில்லை' என்று எழுதி, பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்து வண்டியை எடுப்பது. நான் இரண்டாவதையே சொல்வேன். மழைத் தண்ணீர் தேங்கும் தொட்டியோடு வண்டி மாதக்கணக்கில் கராஜில் கிடந்தால் நட்டம் உங்களுக்குத்தான். வத்தளையின் உப்புக் காற்றில், பூச்சில்லாத துளைகளைச் சுற்றித் துருப் பிடிக்க அதிக நாள் ஆகாது. சுவரில் அடித்த தகடு உண்மையான அலுமினியம்தான் என்றாலும் அதையும் பாருங்கள். அலுமினியமும் இரும்பும் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்க நடுவே உப்புத் தண்ணீர் புகுந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கத் தொடங்கும். இடையில் ரப்பர் விரிப்போ சீலண்டோ போட்டிருக்கிறார்களா என்று பாஸின் அறிக்கையில் எழுத வையுங்கள்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. சேவை தருபவர் கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்ய வேண்டும், போடும் பொருள் அந்த நோக்கத்துக்குப் பொருந்த வேண்டும் என்ற உத்தரவாதம், யாரும் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் ஒப்பந்தத்துக்குள் இருப்பதாகவே அது கொள்கிறது. முறைப்பாட்டை அந்த அதிகாரசபைக்கு எழுத்தில், சேவை பெற்ற 3 மாதத்துக்குள் கொடுங்கள். இந்த 3 மாதத்தைத் தவறவிட்டு வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனவருத்தம்தான். விவரம் கேட்க 1977க்கு அழைக்கலாம். கூடவே ஒரு சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதமும் அனுப்புங்கள். அப்புறமும் இணங்கவில்லை என்றால், இந்த அளவுத் தொகைக்கு நேரே வழக்குப் போட முடியாது. முதலில் மத்தியஸ்த சபைக்குப் போய், அங்கே தீராவிட்டால் அதற்கான சான்றிதழோடு நீதிமன்றம் செல்ல வேண்டும். சபையில் உங்களுக்காகச் சட்டத்தரணி பேச முடியாது, நீங்களேதான் பேச வேண்டும். ஆகவே அந்தக் காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். காலவரையறையும் நினைவிருக்கட்டும்: எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 வருடம், வாய்ப்பேச்சுக்கு 3 வருடம். பாதுகாப்புக்காக 3 என்றே கணக்கு வையுங்கள்.

தெரிந்தே இரும்பைப் போட்டு அலுமினியம் என்று காசு வாங்கியிருந்தால் அது தண்டனைச் சட்டக் கோவையின் 398ஆம் பிரிவு சொல்லும் ஏமாற்றுதலாகவும் ஆகலாம். முறைப்பாடு செய்யலாம், ஆனால் அதைக் கடன் வசூலிக்கும் வழியாக நினைக்க வேண்டாம்.

ஆர்.எம்.வி. விஷயம். உங்கள் பதிவுச் சான்றிதழில் வண்டியின் வெற்று எடை, நீள அகல உயரம், நிறம், உடலமைப்பு எல்லாம் உள்ளன. வேலைக்குப் பிறகு வண்டி அவற்றோடு ஒத்துப்போகாவிட்டால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். தொட்டிக்குள் மெல்லிய அலுமினியத் தகடு விரிப்பது பெரிய மாற்றமில்லை. 3 மில்லிமீற்றர் அலுமினியம் சதுர மீற்றருக்குச் சுமார் 8 கிலோ. அதே தடிப்பில் இரும்பு ஏறத்தாழ 24 கிலோ. சுமார் 2 சதுர மீற்றர் தளத்துக்கு இரும்பு போட்டதில் மட்டும் உங்கள் வண்டி 30 கிலோவுக்கு மேல் கூடுதலாகச் சுமக்கிறது. இதையும் முறைப்பாட்டில் எழுதுங்கள். பக்கங்களில் நீட்டிக்கொண்டிருக்கும் கூரான விளிம்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது, பின்விளக்கும் இலக்கத் தகடும் மறையக் கூடாது. 2025 ஜனவரியில் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் ஆபத்தான மேலதிகப் பாகங்களைப் பொலிஸார் கழற்ற வைத்தது நினைவிருக்கும். காப்புறுதி நிறுவனத்துக்கும் இந்த வேலையை எழுத்தில் அறிவித்துவிடுங்கள். அறிவிக்காத மாற்றம் நட்டஈடு கேட்கும் நாளில் அவர்களுக்கு ஒரு காரணமாகிவிடும்.

கடைசியில் தகட்டைக் கழற்றும் நாளில் நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டை வெட்டி வாங்கி, திகதி எழுதி, விவகாரம் முடியும்வரை வீட்டில் வைத்திருங்கள்.