உங்க பையனுக்கு நீங்க ஒருத்தர்தான் சாட்சியா?

சார் வணக்கம். பேர் போட வேணாம், கொளத்தூர்லேர்ந்து எழுதறேன். பையனுக்கு ஆறு வயசு. மூன்றரை வயசுலயே யாரும் சொல்லித்தராம தமிழ், இங்கிலீஷ் ரெண்டும் படிக்க ஆரம்பிச்சான், இப்ப அஞ்சாங்கிளாஸ் கணக்கு போடறான், ஐக்யூ டெஸ்ட்ல 138 வந்துச்சு. ஆனா ராத்திரி தூங்க மாட்டேங்கறான், செத்துப்போனா எங்க போவோம்னு கேட்டு அழறான், சட்டை பட்டன் போட வராது, கூட படிக்கற பசங்களோட ஒட்டல. இத அபார்ட்மெண்ட்லயோ ஸ்கூல் வாசல்லயோ யார்கிட்டயாவது சொன்னா மூஞ்சியே மாறிடுது. "எல்லா குழந்தையும் கிஃப்டட்தான் மேடம்"னு ஒருத்தங்க வெட்டிவிட்டாங்க. இதே ஒரு ஸ்பெஷல் சைல்டோட அம்மா பேசினா மட்டும் எல்லாரும் உக்காந்து கேக்கறாங்க. என் பிள்ளை அறிவா இருக்கறது மத்தவங்களுக்கு ஏன் சார் எரியுது? நான் வாயே தொறக்கக் கூடாதா? டபுள் புரமோஷன் கேக்கலாமா? இதுல மாமியார் வேற வாராவாரம் சுத்திப் போடறாங்க, எனக்கு அதுல எல்லாம் நம்பிக்கை இல்ல.

அன்புள்ள தங்கச்சிக்கு,

இந்த ரிசல்ட் சீசன் முடிஞ்சதுலேர்ந்து எனக்கும் இதேதான் மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்கு, அதனாலதான் உங்க லெட்டர எடுத்தேன். பெரம்பூர்ல ஒரு டியூஷன் சென்டர் வாசல்ல பெரிய பேனர், வரிசையா பசங்க மூஞ்சி, கீழ மார்க்கு. பஸ்ஸுக்கு நின்ன ஒரு அம்மா அதயே பாத்துட்டு இருந்துட்டு, "இதுங்கல்லாம் சோத்த துன்னுதுங்களா, புக்க துன்னுதுங்களா"ன்னாங்க. அதுல மெச்சறதும் இருந்துச்சு, வயித்தெரிச்சலும் இருந்துச்சு. 2017லேர்ந்து நம்ம கவர்மெண்ட்டு பத்தாவது பன்னெண்டாவதுக்கு ஸ்டேட் ஃபர்ஸ்ட், செகண்ட்டுன்னு ரேங்க் லிஸ்ட் விடறத நிறுத்திடுச்சு, நல்ல காரியம், ஆனா பேனர் அடிக்கறவன யாரு நிறுத்தறது.

மொதல்ல ஒரு திட்டு வாங்கிக்கோங்க. ஸ்பெஷல் சைல்டோட அம்மா பேசினா எல்லாரும் உக்காந்து கேக்கறாங்கன்னு எழுதியிருக்கீங்களே, அந்த வரிய அடிச்சிருக்கணும் நீங்க. யாரும் கேக்கறது இல்லமா. ரெண்டு நிமிஷம் த்சு த்சுன்னுவாங்க, அப்புறம் அந்தப் பிள்ளைய பர்த்டேவுக்குக் கூப்பிடாம விட்ருவாங்க. அவங்களுக்குக் கெடைக்கறது பரிதாபம், அதப் பாத்து உங்களுக்கு ஏக்கம் வந்தா உங்க வீட்ல இருக்கற கஷ்டத்தோட அளவு உங்களுக்கே இன்னும் புரியலன்னு அர்த்தம். சரி, திட்டு முடிஞ்சுது.

"ஏன் எரியுது"ன்னா, பொறாமைன்னு ஒத்த பதில்ல முடிச்சிரலாம். 1954லயே லியான் ஃபெஸ்டிங்கர்னு ஒரு சைக்காலஜிஸ்ட் எழுதிட்டாரு, மனுஷன் தன்ன எடைபோட எங்கயோ இருக்கறவன எடுத்துக்க மாட்டான், தன்ன மாதிரியே பக்கத்துல இருக்கறவனத்தான் எடுத்துக்குவான்னு. உங்களுக்கு அடுத்த தெருதான் பாடி, அங்கேர்ந்து போன பிரக்ஞானந்தா 2018ல பன்னெண்டு வயசுல செஸ் கிராண்ட்மாஸ்டர் ஆனப்ப யார் வயிறும் எரியல, எதுத்த ஃபிளாட் பையன் ஒலிம்பியாட்ல ஒரு மெடல் வாங்கினா எரியுது. இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆனா எனக்கு இது பாதி பதில்தான், ஏன்னா நான் வளந்த இடத்துல எதுத்த வீட்டுப் பையனையே தோள்ல தூக்கி வெச்சு ஆடியிருக்காங்க, நானே கூட ஆடியிருக்கேன்.

வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, எங்க வேணா போய்ப் பாருங்க, சாயங்காலம் ஒரு நற்பணி மன்றம், ஒரு கேரம் போர்டு, மேல தொங்கற பல்பு, சுத்தி பத்து தலை. ஒரு பொடியன் வருவான், போர்டுக்கு கை எட்டாது, ஸ்டூல் போட்டு ஏத்திவிடுவாங்க, அவன் ரெட் காய போட்டு, ஒடனே ஃபாலோ காயும் போட்டு நாப்பது வயசு ஆள காலி பண்ணிட்டுப் போவான், தோத்தவன்தான் அன்னைக்கு ராத்திரி டீக்கடையில அவனப் பத்தி பேசிட்டு இருப்பான், "இன்னா கட்டுப்பா அது, எங்க கத்துக்கினான்"னு. 2024ல அமெரிக்காவுல நடந்த கேரம் உலகக் கோப்பையில நம்ம வண்ணாரப்பேட்டை பொண்ணு காசிமா மூணு தங்கம் அடிச்சுது, அப்பா ஆட்டோ ஓட்டறவரு, அந்த நியூஸ் வந்தப்ப எங்க பக்கத்துல யாராவது எரிஞ்சாங்கன்னு நெனைக்கறீங்க? "நம்ம ஏரியா பொண்ணு"ன்னு கேரம் ஆடவே தெரியாதவன் எல்லாம் ஸ்டேட்டஸ் வெச்சான். வியாசர்பாடி ஃபுட்பால் பசங்களும் அப்படித்தான்.

ஏன்னா அந்தத் திறமைய எல்லாரும் கண்ணால பாத்தாங்க, சில பேரு அந்தப் பிள்ளைகிட்ட தோத்தே பாத்தாங்க, அவங்கப்பா வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்ல வேண்டிய அவசியமே இல்ல. உங்க பையன் விஷயத்துல போர்டு எங்க இருக்கு? உங்க ஹால்ல. பாத்தது யாரு? நீங்களும் வீட்டுக்காரரும் மாமியாரும். வெளிய வர்றது உங்க பேச்சு மட்டும்தான், பெத்தவங்க சாட்சி எந்தக் கோர்ட்லயும் செல்லாதும்மா. கேக்கறவங்களுக்கு உங்க பிள்ளைய தெரியாது, உங்களத்தான் தெரியும், அதனால அவங்க எடை போடறது உங்களத்தான்.

நான் சின்னப் பையனா இருந்தப்ப, எங்க லைன் வீட்ல எதுத்த வீட்டுக்காரரு பின்னி மில்லுல வேல பாத்தாரு, அவரு பையனுக்கு ஒரு வித்தை தெரியும், எந்தத் தேதி சொன்னாலும் கெழமை சொல்லிடுவான். ஞாயித்துக்கெழமை ஆனா அவர் அவன வாசல்ல நிக்கவெச்சு "கேளுங்க, எது வேணா கேளுங்க"ம்பாரு, எவனும் கேக்கலன்னா அவரே கேப்பாரு, "1947 ஆகஸ்ட் 15 இன்னா கெழமடா?", "வெள்ளி"ம்பான், "அது எனக்கே தெரியுமே நைனா"ன்னு யாராவது சவுண்டு விடுவாங்க. அப்ப மூஞ்சி சுருங்கிப் போயி, "சரி உன் பொறந்த தேதி சொல்லு, கெழம சொல்லுவான்"னுவாரு. எங்க தெருவுல பாதிப் பேருக்கு பொறந்த தேதின்னு ஒண்ணு கெடையாது, ஸ்கூல்ல சேக்கறப்ப வாத்தியார் போட்ட ஜூன் மாசத் தேதிதான், அதுக்கும் அவன் கெழம சொன்னா சிரிக்கறதா அழறதான்னு நிப்பாங்க. அந்தப் பையன் மூஞ்சிதான் எனக்கு ஞாபகம் இருக்கு, தரையப் பாத்துக்கிட்டே பதில் சொல்லுவான், சொல்லி முடிச்சதும் உள்ள ஓடிடுவான்.

அன்னைக்கு ராத்திரி எங்க வீட்ல அம்மா சோறு போடறப்ப ஒரு வார்த்த பேச மாட்டாங்க, தட்டு வெக்கற சத்தத்துலயே எனக்குத் தெரியும், அப்புறம் மெதுவா ஆரம்பிப்பாங்க, "அதுவும் உன் வயசுதானே". நான் அந்தப் பையன வெறுத்தேன், ஒரு தடவ கூட என்ன சீண்டாத பையன. எங்கம்மா பொறாமக்காரங்க எல்லாம் இல்ல, அவன் வீட்டு விசேஷத்துக்கு மொத ஆளா போய் காய் நறுக்குவாங்க. ஆனா வாசல்ல நின்னு கேட்ட பெருமைய அவங்களால வாசல்லயே வெச்சுட்டு வர முடியல, உள்ள கொண்டாந்து என் தட்டுல போட்டாங்க. உங்க அபார்ட்மெண்ட்ல மூஞ்சி மாறுதே, அதுல பாதி பேர் பயப்படறது இதுக்குத்தான், இந்தப் பேச்ச காதுல வாங்கினா இன்னைக்கு ராத்திரி எம்பிள்ளைய திட்டித் தொலைப்பேன்னு அவங்களுக்கே தெரியுது, அதனாலதான் வெட்டி விடறாங்க. நீங்க அத எரிச்சல்னு எடுத்துக்கறீங்க.

இந்த ஊர்ல அறிவாளிப் பிள்ளைன்னா ஒடனே ராமானுஜன இழுப்பாங்க, நானும் இழுக்கறேன். ஹார்பர்ல, போர்ட் ட்ரஸ்ட்ல 1912ல முப்பது ரூபா சம்பளத்துக்கு கிளார்க்கா சேந்தவரு, எஃப்.ஏ.ன்னு அந்தக் காலத்து காலேஜ் பரிச்ச பாஸ் பண்ணாதவரு. அவருக்கு யார் பேசினா? அவங்கம்மா கோமளத்தம்மாள் பேசியிருந்தா எவன் கேட்டிருப்பான். அவரு நோட்டத் தூக்கிட்டு அலைஞ்சாரு, நோட்டப் பாத்த நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாசம் இருபத்தஞ்சு ரூபா குடுத்தாரு, ஆஃபீஸ்ல நாராயண ஐயர் பேசினாரு, சேர்மன் ஸ்ப்ரிங் துரை பேசினாரு, அப்புறம்தான் கேம்பிரிட்ஜ். அந்த நோட்டு அவரோட கேரம் போர்டு. பாடி பிரக்ஞானந்தா குடும்பத்தையும் பாருங்க, மகள் டிவி பாக்கறத கொறைக்கத்தான் செஸ்ல சேத்தோம்னு அப்பா சொன்னாரு, கூடவே தம்பியும் ஒட்டிக்கிட்டான், அவ்ளோதான் அவங்க சொன்ன கதை. 2023ல பாகூல நடந்த செஸ் உலகக் கோப்பையில அவங்கம்மா நாகலட்சுமி மகன் ஆடறத ஒரு ஓரமா நின்னு பாத்த ஃபோட்டோ ஊரெல்லாம் சுத்துச்சு, அந்த ஃபோட்டோவுல அவங்க எதுவும் பேசல.

அதுக்காக உங்கள வாய மூடுன்னு சொல்ல வரல. "எல்லா குழந்தையும் கிஃப்டட்தான்"னாங்களே, அது சுத்தப் பொய், அத நான் ஒத்துக்கவே மாட்டேன். வியாசர்பாடி முல்லை நகர் கிரவுண்டுல போய் எல்லாப் பசங்களும் சூப்பர் ஃபுட்பால் ப்ளேயர்தான்னு சொல்லிப் பாருங்க, பசங்களே சிரிச்சிருவாங்க. ஒரு குழந்தைக்கு கணக்கு மண்டை பத்து வயசுலயும் அழுகை ஆறு வயசுலயும் பட்டன் போடற வெரல் நாலு வயசுலயும் நிக்கறது நெஜமான கஷ்டம், அதச் சொல்லணும், சத்தமாவே சொல்லணும். ஆனா உங்க லெட்டர திருப்பிப் படிங்க. மூன்றரை வயசு, அஞ்சாங்கிளாஸ், 138, இதெல்லாம் முடிஞ்சப்புறம்தான் புள்ள தூங்காதது வருது. ஸ்கூல் வாசல்லயும் நீங்க இதே வரிசையிலதான் பேசியிருப்பீங்க, எனக்கு சந்தேகமே இல்ல. சாவப் பத்திக் கேட்டு அழற குழந்தைய எப்படித் தூங்க வெக்கறதுன்னு மட்டும் கேட்டுப் பாருங்க, அந்த வாசல்ல நிக்கற பாட்டிங்க ஆளுக்கு ஒரு வழி சொல்லுவாங்க.

138ஐ பீரோவுல வெச்சுப் பூட்டுங்க. 1921ல கலிஃபோர்னியாவுல டெர்மன்னு ஒருத்தரு ஐக்யூ டெஸ்ட் வெச்சு ஆயிரத்தைநூறு பிள்ளைங்களுக்கு மேல பொறுக்கினாரு, அந்த டெஸ்ட்ல மார்க் பத்தாதுன்னு கழிச்சுவிட்ட ரெண்டு பசங்க, ஷாக்லியும் அல்வாரெஸும், பின்னால ஃபிசிக்ஸ்ல நோபல் வாங்கினாங்க, பொறுக்கின கூட்டத்துல ஒருத்தரும் வாங்கல. டபுள் புரமோஷன் எல்லாம் ஸ்கூல்ல போய்க் கேக்க வேண்டிய சமாச்சாரம், எங்கிட்ட ஏன் கேக்கறீங்க.

பையன செஸ்ஸோ கேரமோ நாலு பேர் பாக்க ஆடற எடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. தோக்கட்டும். ஒரு தடவையாவது அவனவிட சின்னப் பிள்ளைகிட்ட நல்லாத் தோக்கட்டும், அன்னைக்கு அவனோட ஒட்ட ஒரு ஆள் கெடைப்பான். நீங்க பின்னாடி சேர் போட்டு உக்காருங்க, யாராவது திரும்பிப் பாத்து "யார் பையன் இவன்"னு கேட்டா கைய மட்டும் தூக்குங்க.

மாமியார் சுத்திப் போடறத தடுக்காதீங்க. உங்க வீட்ல அவனப் பத்தி வெளிய பேசாம, அவனுக்காக ஏதோ பண்றவங்க இப்போதைக்கு அவங்க ஒருத்தர்தான். வாரத்துக்கு நாலு மொளகா செலவு, போகட்டும் விடுங்க. நெடி ஏறி அவன் தும்மினான்னா ஜன்னலத் தொறந்து வெக்கச் சொல்லுங்க.