தங்கவயல்: கைவிடப்பட்டது எது?

வணக்கம் ஐயா,

கோலார் தங்கவயல் கட்டுரைக்கு ‘கைவிடப்பட்ட ஊர்’ என்று தலைப்பிட்டிருந்தீர்கள். என் தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அத்தை இன்றும் அங்கே தொழிலாளர் வரிசை வீடான லைன் வீட்டில்தான் இருக்கிறார். வெள்ளைக்காரர்கள் வாழ்ந்த குட்டி இங்கிலாந்து, அவர்களுடைய கிளப் என்றே எல்லோரும் எழுதுகிறீர்கள். தாத்தாவின் ஊர் அதில் எங்கே?

கே., கிருஷ்ணகிரி

அன்புள்ள கே.,

தவறு என்னுடையது. 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது சுரங்கம். ஊர் அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. விடியுமுன் தங்கவயலின் மாரிக்குப்பம் நிலையத்தில் ரயிலேறி, பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு இரவில் வீடு திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கைவிடப்பட்டவர்கள் என்று சொன்னால் அது அவர்களுக்குத்தான் பொருந்தும்.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததையும், 1902இல் சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்ததையும் விரிவாக எழுதியிருந்தேன். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, பாறையே கொதிக்கும் ஆழத்தில் நின்றவர்களைப் பற்றி இரண்டு வரிதான். அவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சித்தூர் பக்கமிருந்து போன தலித் மக்கள். பாறை வெடிப்பில் செத்தவர்கள் போக, கல்தூசி நுரையீரலில் படிந்து இருமி இருமியே செத்தவர்கள் எத்தனையோ பேர்.

ஆனால் உங்கள் தாத்தாவின் ஊரை வெறும் துயரக் கதையாகச் சொல்வதும் நியாயமில்லை. கூலி வேலைக்குப் போன அந்த மக்கள் மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் வைத்தார்கள். தமிழ் பௌத்தத்தை மீட்டெடுத்த தலித் சிந்தனையாளர் அயோத்திதாச பண்டிதர் 1914இல் மறைந்தார். நின்றுபோன அவருடைய ‘தமிழன்’ இதழ் 1926இல் மறுபடி வந்தது தங்கவயலிலிருந்துதான், ஆசிரியர் ஜி. அப்பாதுரையார். பண்டிதரின் எழுத்துகளை நூலாக்கிக் காத்ததும் அங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலைதான். சென்னை மறந்திருந்த ஒருவரைச் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் காசில் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். தமிழ்ச் சிந்தனை வரலாற்றில் இதற்கு இணையாகச் சொல்ல எனக்கு வேறொன்று தெரியவில்லை.

அடங்கிக் கிடந்தவர்களும் அல்லர். 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலையை நிறுத்தினார்கள். 1946 நவம்பர் 4 அன்று போலீஸ் சுட்டதில் ஆறு பேர் இறந்தார்கள். தாத்தா அப்போது அங்கே வேலையில் இருந்தாரா?

அத்தையிடம் கேட்டுப் பாருங்கள். பழைய சம்பளச் சீட்டு, சங்க ரசீது, பௌத்த சங்கத் திருமணப் பத்திரிகை என்று எது கிடைத்தாலும் படமெடுத்து அனுப்புங்கள். கட்டுரையின் தலைப்பை இன்று மாற்றிவிட்டேன். அந்த இரண்டு வரி இருக்கும் பகுதியை அத்தை சொல்வதைக் கேட்ட பிறகு எழுதுகிறேன்.