முஸ்தபா பேக்கும் 90 சதவீதமும்

அன்புள்ள அண்ணா,

வணக்கம். எனக்குக் காட்பாடி. சிவில் முடித்துவிட்டு நான்கு வருடமாக ஒரு காண்ட்ராக்டரிடம் சைட் இன்ஜினியர். இப்போது மழைநீர்க் கால்வாய் வேலை. கூடவே ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் சான்றிதழுக்கு ஆன்லைனில் படிக்கிறேன். வகுப்பில் திட்டமிடல், ரிஸ்க், தலைமை, அறம் என்று அழகாகச் சொல்லித்தருகிறார்கள். காலையில் சைட்டுக்குப் போனால் முதலாளி, "90 சதவீதம் முடிஞ்சதுன்னு ரிப்போர்ட் போடு, பில் எடுக்கணும்" என்கிறார். நிஜத்தில் 60 தேறாது. மூன்று மாதமாக ரிப்போர்ட்டில் 90-லேயே நிற்கிறது. ஒரு வேலை ஜெயிப்பதும் தோற்பதும் உண்மையில் எதனால்? நேர்மையான தலைமை என்பதெல்லாம் பரீட்சைக்கு மட்டும்தானா? பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

90 என்பது யாரும் அளந்து சொல்லும் எண் இல்லை. 50 என்றால் ஏன் என்று கேட்பார்கள், 100 என்றால் எங்கே காட்டு என்பார்கள், 90 என்றால் இரண்டு கேள்வியும் வராது. அதனால்தான் எல்லா வேலையும் அங்கே போய்ப் பாய் விரித்துப் படுத்துக்கொள்கிறது.

2022-ல் நம் வேலூரில் தெருவில் நிறுத்தியிருந்த பைக்கை நகர்த்தாமல், சக்கரத்தோடு சேர்த்து சிமென்ட் ரோடு போட்டார்களே, நினைவிருக்கிறதா? அதே வருடம் அடிபம்பை அப்படியே விட்டுக் கால்வாய்க்குக் கான்கிரீட் போட்ட படமும் வந்தது. ஊரே சிரித்தது, நானும்தான். அப்புறம் கரண்டி பிடித்திருந்த அந்த ஆளை நினைத்துப் பார்த்தேன். அவருக்குக் கண் தெரியாதா என்ன? என் ஊகம், அதற்கு முன்னால் ஏதோ ஒரு சைட்டில் "சார், இது இப்படி இருக்கே" என்று வாயைத் திறந்து வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். அதோடு சரி, அடுத்த தடவை பைக் இருந்தால் என்ன, யானை இருந்தால் என்ன.

நீங்கள் தினமும் கோட்டையைத் தாண்டித்தான் சைட்டுக்குப் போவீர்கள். அந்த வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த 1806 ஜூலை 10 நமக்கு வீரத்தின் நாள், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒரு நிமிடம் வெள்ளைக்காரன் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். மேலே சென்னையில் இருந்து உத்தரவு வருகிறது: புதுத் தலைப்பாகை, நெற்றியில் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழி. போடப்போகிற சிப்பாயிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மே மாதம் தலைப்பாகை வேண்டாம் என்று மறுத்தவர்களைப் பிடித்துச் சென்னைக்கு அனுப்பி, இருவருக்குச் சவுக்கடி கொடுத்தார்கள். அன்றைக்கே கோட்டைக்குள் வெளிப்படையான பேச்சு நின்றிருக்கும், மற்றதெல்லாம் கிசுகிசுப்புதான். ஜூனில் முஸ்தபா பேக் என்ற சிப்பாய் தன் அதிகாரி கர்னல் ஃபோர்ப்ஸிடம் போய், சதி நடக்கிறது என்று நேரடியாகவே சொல்லிவிட்டார். ஃபோர்ப்ஸ் என்ன செய்தார்? படையில் இருந்த இந்திய அதிகாரிகளிடமே விசாரிக்கச் சொன்னார். புகாரே அவர்களையும் சேர்த்துத்தான்! அவர்கள் கூடிப் பேசி, ஆள் பைத்தியம் என்று சொல்லிவிட்டார்கள். பேக்கைப் பிடித்து அடைத்துவைத்தார்கள். சில வாரங்களில் கோட்டைக்குள் ரத்தம். பிறகு தலைப்பாகை உத்தரவு வாபஸ், கவர்னர் பென்டிங்கும் தளபதி கிராடக்கும் பதவி இழந்தார்கள், பேக்குக்கு வெகுமதி.

நமக்கு அவர் காட்டிக்கொடுத்தவர், சரி. ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த ஒரே பதில் அந்த ஆளின் கதைக்குள்தான் இருக்கிறது. கெட்ட செய்தி கீழேயிருந்து மேலே போகிறதா, போனால் கொண்டுபோனவன் கதி என்ன? ஒரு வேலை உருப்படுமா என்று இதை வைத்தே சொல்லிவிடலாம். திட்டம், சாஃப்ட்வேர், பட்ஜெட் எல்லாம் வேண்டும்தான், அதையெல்லாம் உங்கள் வகுப்பு என்னைவிட நன்றாகச் சொல்லித்தரும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பிளானிங் செக்‌ஷனில் இருந்தேன். ஐரோப்பாவுக்குக் குளிர்கால பூட்ஸ் ஆர்டர். ஒரு ஜோடிக்கு இத்தனை சதுர அடித் தோல் என்று கணக்குப் போட்டு வாங்கியாயிற்று. கட்டிங் மாஸ்டர் பாய், நாற்பது வருடம் தோலைத் தடவியே வளர்ந்தவர், முதல் லாட்டைத் தொட்டதும் சொன்னார்: "இதுல பாதி கழிச்சல். இத்தனை ஜோடி இந்தத் தோல்ல வராது." காலை மீட்டிங்கில், எல்லார் முன்னாலும். மேனேஜர், "நெகட்டிவா பேசாதீங்க பாய், ஷிப்மென்ட் டேட் மாறாது" என்றார். அதற்கப்புறம் அந்த மீட்டிங்கில் யாரும் பேசவில்லை, டீ மட்டும் குடித்தோம். நான் என் சார்ட்டில் ஒவ்வொரு நாளும், எல்லாம் சரியாகப் போகிறது என்று பச்சை அடித்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பத்து நாள் வாலாஜா, சோளிங்கர் பக்கத்துப் பெண்களை ராத்திரி ஒன்பது வரை தையல் மெஷினில் உட்காரவைத்து, ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்கி, கடைசியில் கப்பலில் போக வேண்டிய பெட்டிகள் விமானத்தில் போயின. அந்த ஆர்டரில் இருந்த லாபம் சரக்குக் கட்டணத்திலேயே போய்விட்டது. வேலையை விட்டுப் போகச் சொன்னது யாரைத் தெரியுமா, பாயை. என் பச்சை சார்ட்டை யாரும் கேட்கவே இல்லை, நானாகவும் எடுத்துக் காட்டவில்லை.

அடுத்து வந்த மேனேஜர் அதிகம் பேச மாட்டார். தினமும் மீட்டிங்கில் முதல் கேள்வி, "இன்னிக்கு எது ஆகாது?" முதல் வாரம் எல்லோரும் அவரைச் சந்தேகமாகவே பார்த்தோம். ஒருநாள் தையல் லைன் சூப்பர்வைசர் பெண் ஒருவர் தயங்கித் தயங்கி, சோல் வரவில்லை, எட்டு நாள் தள்ளும் என்றார். மனிதர் அங்கேயே, எங்கள் முன்னாலேயே, வாங்குபவருக்குப் போன் போட்டு எட்டு நாள் கேட்டார். ஆறு கிடைத்தது. அவ்வளவுதான். மறுநாளில் இருந்து மீட்டிங்கில் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள், நிறுத்துவதுதான் கஷ்டமாகப் போயிற்று.

ஷூ என்றால் பணத்தோடு போயிற்று. 2015 ஜனவரி 31, அதே ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளிகள் இறந்துபோனார்கள். அந்தத் தொட்டியைத் தினமும் பார்த்தவர்கள் இருந்திருப்பார்கள்தானே. இதற்குமேல் இதைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

எதுவுமே ஜெயிக்காதா என்றால், கணியம்பாடிப் பக்கம் போய், வறண்டு கிடந்த நாகநதியை மீட்கிற வேலையைப் பாருங்கள். 2014 வாக்கில் ஆரம்பித்தது. நூறு நாள் வேலைப் பெண்கள்தான் தடுப்புகள் கட்டினார்கள், மழைநீர் பூமிக்குள் இறங்க உறைகிணறு இறக்கினார்கள். அங்கே ரிப்போர்ட்டில் பொய் எழுதி என்ன லாபம்? தண்ணீர் ஏறாவிட்டால் காலிக் குடத்தோடு நிற்கப்போவது அவர்கள் வீட்டு ஆட்கள்தானே. உங்கள் கால்வாயில் அது இல்லை. கட்டுகிறவர் ஒருவர், பில் போடுகிறவர் ஒருவர், மழையில் முழங்கால் தண்ணீரில் நடப்பவர் வேறொருவர்.

உங்கள் முதலாளியும் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. பில் வந்தால்தான் கம்பிக் கடைக்கும் மேஸ்திரிக்கும் கொடுக்க முடியும், அந்த நெருக்கடி எனக்குப் புரிகிறது. அதனால் முதல் நாளே சண்டைக்குப் போகாதீர்கள். சதவீதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மீட்டரில் எழுதுங்கள்: தோண்டியது இவ்வளவு, அடியில் கான்கிரீட் போட்டது இவ்வளவு, சுவர் எழும்பியது இவ்வளவு, மூடி போட்டது இவ்வளவு, இ.பி. கம்பம் குறுக்கே நிற்பதால் விட்டது இவ்வளவு. 90 என்று சொல்லிவிட்டுத் தப்பிக்கலாம், மூடி 340 மீட்டர் என்று சொன்னால் நாளைக்கே எவனாவது டேப்பைப் பிடித்துப் பார்த்துவிடுவான். முடிந்ததற்கு உள்ள பில்லை அதிலிருந்தே கேட்கலாம், அதில் அவருக்கும் நஷ்டம் இல்லை. தேதி போட்டு, போட்டோ எடுத்து, மெயிலில் அனுப்புங்கள். வாயால் சொன்னது நிற்காது, பாய் சொன்னது நின்றதா?

அனுப்பின அன்று அவர் முகம் எப்படி இருந்தது, மறுநாள் உங்களை எந்த சைட்டுக்கு மாற்றினார், இல்லை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தாரா, அதை எனக்கு எழுதுங்கள். அப்புறம் உங்கள் மேஸ்திரியிடம் ஒரு தடவை, யாரும் பக்கத்தில் இல்லாதபோது, இந்தக் கால்வாயில் தண்ணீர் ஓடுமா என்று கேட்டுப் பாருங்கள்.