காத்திருப்பவனுக்கு என்ன எழுதுவது?

வணக்கம். 1943-இல் நடக்கும் ஒரு குறுநாவல் எழுதிவருகிறேன். அமெரிக்க ராணுவ விமானப்படையில் சேர்ந்த இளைஞன், யாரை எந்த வேலைக்கு அனுப்புவது என்று சோதித்துப் பிரிக்கும் நாஷ்வில் வகைப்பாட்டு மையத்தில் பயிற்சிக்குக் காத்திருக்கிறான். வீட்டு நினைவு வாட்டுகிறது. ஒரு மாதம் முன்பே மேக்ஸ்வெல் ஃபீல்டு பயிற்சித் தளத்துக்குப் போய்விட்ட நண்பன் அவனுக்கு வி-மெயில் எழுதுகிறான். ‘மனம் தளராதே, நாடு உன்னை நம்பியிருக்கிறது’ என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன். எனக்கே சப்பென்று இருக்கிறது. வேறென்ன எழுதலாம்?
– ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் வி-மெயிலை எடுத்துவிடுங்கள். மைக்ரோஃபிலிமில் சுருக்கி அனுப்பும் அந்த ஏற்பாடு கடல்கடந்து இருப்பவர்களுக்கானது. மேக்ஸ்வெல் இருக்கும் அலபாமாவிலிருந்து நாஷ்வில் இருக்கும் டென்னசிக்குச் சாதாரண உறைதான். 1942 ஏப்ரலிலிருந்து படைவீரர்களுக்கு அஞ்சல்தலையும் வேண்டாம். அது ஒட்டும் மூலையில் ‘ஃப்ரீ’ என்று கையால் எழுதினால் போதும்.

நாடு நம்புவது அவனுக்குத் தெரியும். தன் பெயரை ஏன் இன்னும் கூப்பிடவில்லை என்பதுதான் தெரியாது. நாளெல்லாம் சமையற்கூடத்தில் பாத்திரம் தேய்ப்பவனுக்கு, சோதனையில் தேறவில்லையோ என்ற சந்தேகம் வரும். வீட்டு நினைவும் அதோடு சேர்ந்துகொள்ளும். நண்பன் காரணத்தைச் சொல்லட்டும். 1942-இல் பயிற்சிப் பள்ளிகள் தாங்குவதைவிட அதிகம் பேரைச் சேர்த்துவிட்டார்கள். அப்படித் தேங்கியவர்களுக்காகத்தான் 1943 தொடக்கத்தில் கல்லூரிகளிலேயே பயிற்சிப் பிரிவுகள் திறந்தார்கள். மேக்ஸ்வெல்லிலும் வகுப்பறைதான், விமானம் ஏற்றுவதில்லை. நண்பனும் இன்னும் பறக்கவில்லை, அவனைப் பெரிய விமானியாகப் பேசவைத்துவிடாதீர்கள்.

அடுத்து, கைக்கு வேலை கொடுக்கட்டும். சோதனைகள் பாக்கியிருந்தால் ஒன்றை விவரிக்கலாம்: சுழலும் தட்டில் காசளவு உலோகப் பொட்டு, அதன் மேலிருந்து கைக்கோல் விலகக் கூடாது. இறுக்கிப் பிடித்தால் கை பின்தங்கிப் பொட்டு நழுவிவிடும். தோளைத் தளர்த்தி, தட்டின் வேகத்துக்குக் கையைப் பழக்க வேண்டும். சோதனைகள் முடிந்திருந்தால் மோர்ஸ் தந்திக் குறியீடு படிக்கச் சொல்லட்டும். புள்ளி, கோடு என்று தாளில் மனப்பாடம் செய்தவன், வேகம் கூடியதும் மனதுக்குள் எண்ணத் தொடங்குவான். எண்ணி முடிப்பதற்குள் அடுத்த எழுத்து போயிருக்கும். ‘ஏ’ என்றால் ‘டிட்-டா’ என்ற ஓசைதான் ஞாபகம் வர வேண்டும். பக்கத்துக் கட்டில்காரனை வாயால் சொல்லச்சொல்லி எழுதிப் பழகலாம். விளக்கணைத்த பிறகும் முணுமுணுக்கலாம், வீட்டு நினைவு அதிகம் வரும் நேரமும் அதுதானே.

கடிதங்களுக்கு எண் போடச்சொல்லுங்கள். ஆள் வேறு தளத்துக்கு மாறினால் கடிதம் பழைய முகாமுக்குப் போய்ச் சுற்றிக்கொண்டு வரும். மூன்றாவது முதலில் கிடைத்து, இரண்டாவது வராமலே இருந்தால் உங்கள் கதைக்கும் வசதி.