மூக்கு, தொண்டை வழியே செல்லும் காற்றோட்டத்தைக் கணினியில் எவ்வாறு கணக்கிடுகிறார்கள்?
சி.டி. ஸ்கேன் படங்களிலிருந்து மூச்சுப்பாதையின் முப்பரிமாண வடிவத்தைப் பிரித்தெடுத்து, அதைப் பல லட்சம் சிறு கட்டங்களாகப் பகுத்து, அவற்றில் காற்று, நீர் போன்றவற்றின் ஓட்டத்தை விவரிக்கும் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகளுக்குத் தோராயத் தீர்வு காண்பதே வழக்கமான முறை. நிமிடத்திற்குச் சுமார் 15 லிட்டர் காற்று செல்லும் அமைதியான சுவாசத்தில், மூக்கினுள் ஓட்டம் பெரும்பாலும் கொந்தளிப்பற்றது எனக் கொள்ளலாம். ஓடி மூச்சிரைக்கும் நிலைக்கு அது பொருந்தாது. நாசித் துவாரத்துக்குச் சற்று உள்ளே இருக்கும் குறுகிய பகுதியிலேயே தடை மிகுதி என்பதால், அங்கே கட்டங்கள் நுண்ணியவையாக இருக்க வேண்டும்.

உண்மையில் கடினமானது தொண்டைதான் என்பது என் கருத்து. உறக்கத்தில் தசைகள் தளரும்போது, குறுகிய இடத்தில் காற்றின் வேகம் கூடி அழுத்தம் குறைய, மெல்லண்ணமும் (வாயின் மேற்கூரையின் பின்புற மென்பகுதி) நாவின் அடிப்பகுதியும் உள்ளிழுக்கப்படுகின்றன; சுவர்களை அசையாதவையாகக் கொள்ளும் மாதிரியால் இந்த அடைப்பைக் காட்ட இயலாது, காற்றையும் திசுவையும் இணைத்தே கணக்கிட வேண்டும்.