பைக், மஸ்கி மீன்களுக்கு ட்ரவுட் பிடிக்கும் 5-ஆம் எண் ஃப்ளை கோல் போதுமா? வேறு என்ன வாங்க வேண்டும்? (ஒன்ராறியோ)

போதாது. மீனின் பலத்தை வைத்து இதைச் சொல்லவில்லை. பைக்குக்குக் கட்டும் பெரிய ஃப்ளையை (முள்ளில் முடியோ இழையோ கட்டிய போலி இரை) 5-ஆம் எண் லைனால் சுமந்து போக முடியாது என்பதுதான் விஷயம். ஃப்ளை தூண்டிலில் இரையை இழுத்துக்கொண்டு போவது லைனின் எடை. ஆகவே கடைக்குள் நுழைந்ததும் கோலைக் கையில் எடுக்காதீர்கள். முதலில் ஃப்ளை, அதற்கேற்ற லைன், லைனுக்கேற்ற கோல், கடைசியாக லைனைச் சுற்றிவைக்கும் ரீல். இந்த வரிசையில் போனால் காசு வீணாகாது.

ஃப்ளையின் நீளம் பைக்குக்கு 12–20 செ.மீ., மஸ்கிக்கு 25–30 செ.மீ. நீளத்தைவிட நனைந்த பிறகு அது எவ்வளவு கனக்கிறது என்பதைப் பாருங்கள். முயல்தோல் வார் கட்டிய ஃப்ளை தண்ணீருக்குள் அருமையாக நெளியும். ஆனால் குடித்த தண்ணீரை விடாது, வீசும்போது ஈரத்துணியை எறிவதுபோல் இருக்கும். மான்வால் முடியும் செயற்கை இழையும் ஒரே வீச்சில் தண்ணீரை உதறிவிடும். பாப் பொப்போவிக்ஸ் பிரபலமாக்கிய ‘ஹாலோ’ முறையில், மான்வால் முடியை முள்ளின் கண் பக்கமாக நீட்டிக் கட்டி, பிறகு பின்னால் தள்ளி அதன் முன்னே நூல் சுற்றி நிறுத்துவார்கள். முடி குடைபோல் விரிந்து நிற்கும், உள்ளே வெற்றிடம். கொஞ்ச முடியிலேயே பெரிய மீனின் உருவம் கிடைத்துவிடும். புதிதாகத் தொடங்குபவர் இந்த வகையையே வாங்கலாம். முள்ளின் அளவு பைக்குக்கு 3/0 அல்லது 4/0 போதும்.

லைனின் எண் முதல் 30 அடியின் எடையைக் குறிக்கிறது. தர அளவில் 5-ஆம் எண் 140 கிரெய்ன், அதாவது சுமார் 9 கிராம். 8-ஆம் எண் 210 கிரெய்ன், 10-ஆம் எண் 280 கிரெய்ன். பைக் லைன் என்று விற்பவற்றில் எடை முன்பக்கத்தில் குவிந்திருக்கும்; பல லைன்கள் இந்தத் தர அளவையும் தாண்டும். எனவே எண்ணோடு நிற்காமல் பெட்டியில் போட்டிருக்கும் கிரெய்னையும் படியுங்கள். வசந்தத்தில் பைக் ஆழமில்லாத குடாக்களில் நிற்கும்போது மிதக்கும் லைன் போதும். கோடையில் அது களைப்படுகையின் வெளிவிளிம்புக்கு இறங்கிவிடும். அப்போது மெதுவாக அமிழும் இன்டர்மீடியட் லைன் வேண்டும்.

கோல் 9 அடி, 9-ஆம் எண். மஸ்கி மட்டும்தான் குறி என்றால் 10 அல்லது 11. ரீலுக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். பைக் முதல் பாய்ச்சல் பாயும், பிறகு படகருகே முரண்டு பிடிக்கும். நூறு மீட்டர் ஓட்டம் ஓடாது.

பலர் கோட்டைவிடுவது லைனையும் ஃப்ளையையும் இணைக்கும் லீடரில். ட்ரவுட் லீடர்போல் 9 அடிக்கு மெலிந்துகொண்டே போனால் பெரிய ஃப்ளை நேராக விரியாமல் குவிந்து விழும். அதற்குப் பதில் லைனிலிருந்து இப்படிக் கட்டுங்கள்: 50 பவுண்ட் தாங்கும் நைலான் 60 செ.மீ., அடுத்து 30 பவுண்ட் 60 செ.மீ., நுனியில் முடிச்சுப் போடக்கூடிய மெல்லிய கம்பி 30 செ.மீ. நைலானையும் கம்பியையும் ஆல்பிரைட் முடிச்சால் இணையுங்கள். நடுவில் 30 பவுண்ட் வைப்பதற்குக் காரணம் உண்டு: ஃப்ளை மரக்கட்டையில் மாட்டினால் அறுவது அந்தத் துண்டாக இருக்க வேண்டும், விலை கூடிய லைனாக அல்ல. கம்பி சுருண்டு மடிந்துவிட்டால் நீட்டிப் பயன்படுத்தாதீர்கள், மடிந்த இடத்தில்தான் முறியும். மஸ்கிக்குக் கம்பிக்குப் பதிலாக 80–100 பவுண்ட் ஃப்ளூரோகார்பனும் போடலாம். ஒவ்வொரு கடிக்குப் பிறகும் நகத்தால் தடவிப் பார்த்து, சொரசொரப்பு இருந்தால் வெட்டிவிடுங்கள்.

மீன் கடித்ததும் ட்ரவுட் பழக்கத்தில் கோலைத் தூக்கினால் கோல்தான் வளையும், முள் அந்தக் கெட்டி வாயில் ஏறாது. கோல்நுனியைத் தண்ணீரை நோக்கி வைத்து, கையால் லைனைப் பின்னால் வெடுக்கென்று இழுங்கள். மஸ்கி படகுவரை பின்தொடர்ந்து வந்து நின்றால் ஃப்ளையை வெளியே எடுக்காமல், கோல்நுனியைத் தண்ணீருக்குள் விட்டு அகலமான 8 வடிவில் ஃப்ளையைச் சுற்றுங்கள்.

இனிச் சொல்பவை இல்லாமல் தண்ணீரில் இறங்கவே கூடாது: 28 செ.மீ. நீளமான மூக்குப் பிளையர், ரப்பர் பூசிய பெரிய வலை, முள்ளை வெட்டும் கட்டர், கண்ணைக் காக்கும் கண்ணாடி. முள்நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கமாக நீட்டியிருக்கும் சிறு கொக்கியை முன்கூட்டியே நசுக்கிவிடுங்கள். முள் செவுள் பக்கம் ஆழமாக மாட்டியிருந்தால் பிடுங்க வேண்டாம். மீனை வலையோடு தண்ணீரிலேயே வைத்து முள்ளை வெட்டுங்கள். கோடை வெயிலில் தண்ணீர் நன்றாகச் சூடாகிவிட்ட நாட்களில் மஸ்கி பிடிக்கப் போகாதீர்கள். போராடிக் களைத்த மீன் நீந்திப் போனபின்னும் சாகலாம்.

ஒன்ராறியோவில் 18 முதல் 64 வயதுக்காரருக்கு மீன்பிடி உரிமம் கட்டாயம். மீன்பிடி சீசன் வலயத்துக்கு வலயம் மாறும். பைக் திறந்திருக்கும்போது மஸ்கி மூடியிருக்கலாம், எனவே இரண்டையும் பிரித்தறியத் தெரிய வேண்டும். பைக்குக்குக் கரும்பச்சை உடலில் வெளிர் புள்ளிகள், வால்முனை உருண்டை. மஸ்கிக்கு வெளிர் உடலில் கருங்கோடுகள் அல்லது புள்ளிகள், வால்முனை கூர். சந்தேகம் வந்தால் கீழ்த்தாடையின் அடியில் உள்ள துளைகளை எண்ணுங்கள்: ஒரு பக்கத்துக்கு ஐந்து அல்லது குறைவாக இருந்தால் பைக், ஆறு முதல் ஒன்பது இருந்தால் மஸ்கி.