கார் வாஷில் கண்ணாடி போச்சு: இன்சூரன்ஸில் கேட்கலாமா?

கேள்வி: நான் வைத்திருப்பது 1,200 சிசி கார். வாங்கி நாலரை வருடம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி போனபோது ஓர் ஆட்டோமேட்டிக் வாஷில் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே நின்றேன். வண்டி வந்தபோது டிரைவர் பக்கக் கண்ணாடி ஒயரில் தொங்கியது, பின்பக்க வைப்பர் ஒடிந்திருந்தது, பானெட்டிலும் கதவிலும் கோடு கோடாகக் கீறல். கேட்டால் 'ஓனர் ரிஸ்க்' என்று போர்டைக் காட்டுகிறார்கள். மூன்று வாஷ் இலவசமாகச் செய்து தருகிறார்களாம். சர்வீஸ் சென்டரில் எஸ்டிமேட் 14,500 ரூபாய். இதுவரை ஒரு கிளெய்ம்கூட எடுத்ததில்லை, என்சிபி (கிளெய்ம் எடுக்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் கழிவு) 45% இருக்கிறது. இன்சூரன்ஸில் போடலாமா?
— வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: கண்ணாடியைப் பிடுங்கிய அதே பிரஷ்ஷுக்குள் இன்னும் மூன்று முறை விடச் சொல்கிறார்கள். பெரிய மனசுதான்.

முதலில் உங்கள் பாலிசியை எடுத்து, 'ஓன் டேமேஜ்' பிரீமியம், அதாவது உங்கள் சொந்த வண்டியின் சேதத்துக்கான பகுதி, எவ்வளவு என்று பாருங்கள். தேர்ட் பார்ட்டி பகுதியை விட்டுவிடுங்கள், என்சிபி அதற்குக் கிடையாது. கழிவுக்கு முந்தைய தொகை 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிளெய்ம் எடுக்காவிட்டால் அடுத்த புதுப்பிப்பில் உங்களுக்கு 50% கழிவு. எடுத்தால் பூஜ்யம். அதற்கடுத்த வருடங்களில் 20, 25, 35, 45 என்று மறுபடி அடியிலிருந்து ஏறி வரவேண்டும். ஒவ்வொரு வருடமும் 50-க்கு எவ்வளவு குறைகிறது என்று கூட்டினால் 125% வருகிறது, அதாவது 10,000 ரூபாய். வண்டி பழசாகப் பழசாக பிரீமியம் இறங்கும் என்பதால் 8,500 என்றே வையுங்கள்.

கையில் வருவது எவ்வளவு? ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் தரும் கூடுதல் கவர்) இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான். பெயின்ட் வேலையில் கால்பங்கு பொருள் செலவு என்று எடுத்துக்கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள். கண்ணாடி 6,200, வைப்பர் 900, பெயின்டிங் 6,400, கூலி 1,000 என்று உங்கள் எஸ்டிமேட் பிரிந்தால் 10,150 தேறும். 1,500 சிசி வரையான காருக்குக் கட்டாயமாக நீங்கள் ஏற்க வேண்டிய 1,000 போக 9,150. இதற்காக 8,500-ஐ இழப்பதா? அதிலும் பிரஷ் கீறலைப் பார்த்து, 'இது நாள்பட்ட தேய்மானம்' என்று சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் ஒரு வரி எழுதிவிட்டால் பெயின்டிங் காசும் போச்சு.

ஜீரோ டெப் இருந்தால் கணக்கு மாறும். 13,500 வரை வரலாம், அப்போது யோசிக்கலாம். என்சிபி பாதுகாப்பு என்று தனியாக ஏதும் வாங்கியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். எப்படியும் இரண்டு மூன்று நாளில் முடிவெடுங்கள். கம்பெனிக்குச் சொல்லாமல் ரிப்பேர் செய்துவிட்டுப் பிறகு கிளெய்ம் கேட்டால் சிக்கல்தான்.

என்னைக் கேட்டால், காசு வரவேண்டிய இடம் அந்த வாஷ் கடைதான். சாவியை வாங்கிய நிமிடம் முதல் வண்டி அவர்கள் பொறுப்பு. தன் சொந்தப் பொருளை ஒருவர் எவ்வளவு கவனமாகப் பார்ப்பாரோ அவ்வளவு கவனம் வேண்டும் என்கிறது 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம். போர்டு மாட்டினால் அது மறைந்துவிடாது. டெல்லி தாஜ் மஹால் ஹோட்டலில் வாலட் பார்க்கிங்கில் விட்ட கார் திருடுபோன வழக்கில், தன் பக்கம் கவனக்குறைவு இருக்கும்போது 'ஓனர் ரிஸ்க்' என்று சொல்லி ஹோட்டல் தப்ப முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது திருட்டு வழக்கு, உங்களுடையது உடைசல். ஆனாலும் நியாயம் ஒன்றுதான்.

அவர்கள் என்ன சொல்வார்கள் என்பதையும் யோசித்து வையுங்கள். 'கண்ணாடியை மடக்காமல் கொடுத்தார்' என்பார்கள். மடக்கச் சொல்வதும், இல்லையென்றால் தானே மடக்குவதும் மெஷினை ஓட்டுபவரின் வேலை. 'கீறல் முன்பே இருந்தது' என்பது கொஞ்சம் கஷ்டமான வாதம். வாஷுக்கு முந்தின வாரம் எடுத்த கல்யாண போட்டோவில் ஓரமாக உங்கள் கார் நின்றால்கூட உதவும். எனக்கு ஒருமுறை ஆன்டெனா ஒடிந்தபோது காப்பாற்றியது அப்படி ஒரு படம்தான். குழந்தை சைக்கிள் ஓட்டுவதை எடுத்திருந்தோம், பின்னால் ஆன்டெனா முழுசாக நின்றது.

வாஷ் பில்லை இன்றே போட்டோ எடுங்கள், வெயிலில் அந்த எழுத்து மங்கிவிடும். சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி வாட்ஸ்அப்பிலும் ஸ்பீட் போஸ்டிலும் எழுதுங்கள். சில நாளில் பழைய பதிவின் மேலேயே புதுசு ஏறிவிடும். அந்தக் கடிதத்திலேயே எஸ்டிமேட்டை வைத்து, 15 நாள் அவகாசம் கொடுங்கள். பத்தாயிரத்துக்கு இறங்கி வந்தால் வாங்கிக்கொண்டு விடுங்கள் என்பேன். மூவாயிரத்தைக் கொடுத்து 'முழுத் தீர்வு' என்று கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

மசியவில்லையா? 1915-ஐக் கூப்பிட்டுத் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதியுங்கள். பல கடைகள் அதிலேயே இறங்கி வரும். அப்புறம்தான் நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், அதனால் கடலூர் போதும், புதுச்சேரிக்கு அலைய வேண்டாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆனால் வாய்தா வாய்தாவாக இழுக்கும். அதனால்தான் பத்தாயிரத்துக்கு ஒத்துக்கொள்ளச் சொன்னேன்.

இன்சூரன்ஸ் வேண்டாம் என்று முடிவானால் கண்ணாடியை உடனே மாற்றிவிடுங்கள். கடலூர்–புதுச்சேரி ரோட்டில் பஸ்காரர்கள் வருகிற வேகத்துக்கு வலது கண்ணாடி இல்லாமல் ஓட்டக் கூடாது. மாற்றும் முன் நாலு பக்கமும் படம் எடுங்கள். கழற்றிய பழசை மெக்கானிக் எடுத்துப் போட்டுவிடப் போகிறார், கேட்டு வாங்கி ஒரு சாக்குப் பையில் கட்டி வையுங்கள்.